கட்டிலுக்கடியில் ஓர் அச்சகம்

துறைமுகம் வழியாகப் போகும் மூட்டைக்கும் மரப்பெட்டிக்கும் குறி போடுவது நெடுநாள் வழக்கம். தகரத்தில் எழுத்தை வெட்டி எடுத்து, அந்தத் தகட்டைச் சாக்கின்மேல் அழுத்திப் பிடித்து, மசியில் தோய்த்த பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். யார் சரக்கு, எந்த ஊருக்கு, எத்தனையாவது பெட்டி என்பதெல்லாம் பதிந்துவிடும். இந்த முறையில் ஒரு தொல்லை உண்டு. எழுத்துக்குள் சுழியோ கட்டமோ இருந்தால் வெட்டும்போது நடுத்துண்டு கழன்று விழும். அதைப் பிடித்து நிறுத்த இடையில் பாலம் விட வேண்டும். ஆங்கில எழுத்து ஓரளவு தாங்கும். நம் ‘ண’வுக்கும் ‘ஞ’வுக்கும் பாலம் விட்டால் எழுத்து எது, பாலம் எது என்று தெரியாமல் போய்விடும்.

இதைத் தீர்த்து வைத்தது ஒரு துணி. மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணியில் மசி போகக்கூடாத இடத்தையெல்லாம் அடைத்துவிட்டு, எழுத்து விழ வேண்டிய இடத்தை மட்டும் திறந்து விட்டால் நடுத்துண்டு எங்கும் போகாது. இழை பிடித்துக்கொள்ளும். ஜப்பானில் துணிக்கு நிறமேற்றும் காகிதத் தகடுகளில் பட்டு நூல் கோத்து இதே வேலையை நெடுங்காலமாகச் செய்துவந்தார்கள். 1907-இல் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் பட்டுத்துணி முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஸ்கிரீன் பிரிண்டிங், சுருக்கமாக ஸ்கிரீன், என்று நாம் சொல்வது இதைத்தான். வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் இந்தத் தொழில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தபோது, அதைப் பொழுதுபோக்கு என்று யாரும் நினைக்கவில்லை. சோறு போடும் வேலையாகத்தான் அது வந்தது. இன்று அதே வேலை அட்டைப்பெட்டியில் அடைத்த ‘கிட்’ ஆக, கைவினை ஆசையாக, கூரியரில் வருகிறது. இடையில் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

எண்பதுகளில் அச்சகம் வைக்க வேண்டுமென்றால் டிரெடில் மிஷின் வேண்டும், ஈய எழுத்து வேண்டும், கம்பாசிட்டர் வேண்டும், இத்தனைக்கும் இடம் வேண்டும். ஸ்கிரீனுக்கு ஒரு மேசை போதும். பொதுக் குழாயும் பொதுக் கழிப்பறையுமாக ஒண்டுக்குடித்தனம் இருந்த வீடுகளில்கூட அதற்கு இடம் கிடைத்தது. பகலில் மேசையில் வேலை. ராத்திரி சட்டங்களைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டால் அதே மேசையில் பிள்ளைகள் படிக்கலாம். முதலீடு என்று பார்த்தால் பலகை, இரண்டு கதவுக் கீல், நாலைந்து சட்டம், வலைத்துணி, ஒரு ரப்பர் கட்டை. ஸ்குவீஜி என்று பெயர் தெரிந்தவர்களும் வேலை நடக்கும்போது ‘கட்டைய எடு’ என்றுதான் சொல்வார்கள்.

வேலை பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை. காலையில் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனால் எழுத்து மட்டும் இல்லாத வெற்று அழைப்பிதழ்கள் கிடைக்கும். பிள்ளையார் படம், வெல்வெட் பூ, தங்க ஓரம் எல்லாம் சிவகாசியிலேயே முடிந்து வந்திருக்கும். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், நாள், மண்டபம் இவற்றை அடித்துக் கொடுப்பதுதான் வீட்டு அச்சகத்தின் பங்கு. ஐந்நூறு பத்திரிகை என்றால் கேட்பவருக்குச் சின்ன எண். உறை ஒரு தடவை, உள்தாள் இரண்டு நிறம் என்று வைத்துக்கொண்டாலே கட்டையை ஆயிரத்து ஐந்நூறு தடவை இழுக்க வேண்டும்.

அந்த இழுப்பைக் கிட்டத்தில் நின்று பார்த்திருந்தால் மறக்காது. பலகையில் மூன்று அட்டைத் துண்டுகளை ஒட்டி வைத்திருப்பார்கள். கார்டின் மூலை அவற்றில் முட்டி நிற்க வேண்டும். சட்டத்தின் முன்முனைக்குக் கீழே ஒரு காசு. அதனால் வலை கார்டின்மேல் ஒட்டிக் கிடக்காமல் ஒரு மயிரிழை தூக்கி நிற்கும். கட்டை போகிற இடத்தில் மட்டும் தொட்டு, உடனே விடும். அந்தக் காசு இல்லையென்றால் எழுத்தின் ஓரம் கசிந்து அப்பிவிடும். ஒருவர் இழுப்பார், எதிரே நிற்பவர் கார்டை வைத்து எடுப்பார். எதிரே நிற்பது பெரும்பாலும் வீட்டு அம்மாதான். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளுக்கு ஈரக் கார்டுகளைத் தரையிலும் கட்டிலிலும் ஜன்னல் விளிம்பிலும் பரப்பும் வேலை. தொழிலை நடத்துபவர் என்று பெயர்ப்பலகையில் இருந்தது ஒருவர். கூலியில்லாமல் வேலை செய்தவர்கள் மூன்று பேர். இந்தக் கணக்கை அன்று யாரும் போடவில்லை.

தமிழ் எழுத்துக்கு இந்த வேலையில் ஒரு தனிக் கண்டம் உண்டு. அது புள்ளி. ஸ்கிரீனில் இருக்கும் திறப்புகளிலேயே மிகச் சிறியது மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளிதான், வெயிலில் மசி காய ஆரம்பித்தால் முதலில் அடைபடுவதும் அதுதான். நானூறாவது கார்டு வரை சரியாக வந்த மாப்பிள்ளை பெயர் அதற்கப்புறம் வேறு பெயராகிவிடும். இதற்கு நேர்மாறான விபத்தும் உண்டு. அடைப்பில் ஒரு தூசி இருந்த இடத்தில் ஊசித்துளை விழுந்து, புள்ளி இல்லாத எழுத்துக்குப் புள்ளி வைத்துவிடும். அதற்கு மருந்து நகப்பூச்சு. வீட்டிலிருக்கும் நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்துத் துளையை மூடிவிட்டு வேலையைத் தொடர்வார்கள்.

“இன்னாண்ணே, சாயங்காலம் ரெடியாய்டுமா?” என்று வாசலில் நின்று கேட்பவருக்கு, “ஆய்டும் தம்பி, காயணும் இல்ல” என்பதுதான் பதில். காய்வதுதான் பெரிய பாடு. மொட்டை மாடியில் பரப்பலாம் என்றால் ராயபுரத்தில் கரித்தூசி. துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளப்பட்ட காலத்தில் அந்தத் தூசு வீடுகளுக்குள் படிகிறது என்று குடியிருப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2011 அக்டோபர் முதல் அங்கே அந்த வேலை நின்றது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. தெற்கே காற்று கொஞ்சம் தெளிந்தது, வடக்கே கனத்தது. எண்ணூர்க்காரர்களுக்கு ஏற்கெனவே அனல்மின் நிலையச் சாம்பல் பழக்கம்.

தண்ணீரும் ஒரு கணக்குதான். ஸ்கிரீன் கழுவப் பீய்ச்சியடிக்கும் நீர் வேண்டும். வடசென்னையில் குடம் வைத்துக் கைப்பம்பு அடித்து, லாரி வரும் நேரம் பார்த்து வாழ்ந்த வீட்டில் ஒரு ஸ்கிரீனுக்கு ஒரு குடம் என்பது வீட்டுக்குள்ளேயே பஞ்சாயத்துக்கு உரிய விஷயம். மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்த பிறகு இந்தப் பக்கத்துக் குழாய்களுக்கு ஓரளவு உயிர் வந்தது. அதற்குள் ஸ்கிரீன் கழுவும் வீடுகளே குறைந்துவிட்டன.

திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் போகப்போக வேலையின் நிறம் மாறும். 1946-இல் பொம்மை பலூன் பட்டறையாகத் திருவொற்றியூரில் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1948-இல் அசோக் மோட்டார்ஸாக எண்ணூரில் கால் ஊன்றிய அசோக் லேலண்ட், 1955-இல் வந்த என்ஃபீல்டு, தீப்பெட்டிக் கம்பெனி விம்கோ, அரைக்கற்கள் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் என்று நெடுஞ்சாலை நெடுக ஆலைகள். இப்படிப் பெரிய ஆலைகள் இருக்கும் இடத்தில் சின்னப் பட்டறைகள் தானாக முளைக்கும். பட்டறை எதைச் செய்தாலும் அதன்மேல் ஏதாவது எழுதியாக வேண்டும். அபாயம் என்ற மண்டையோட்டுத் தகடு, இந்தப் பக்கம் மேலே என்ற அம்புக்குறி, அளவுமானியின் கோடுகள், அலுமினியப் பெயர்த்தகடு, எண்ணெய் டின்னின் வெளிப்புறம். காகிதத்தைத் தவிர வேறெதிலும் அடிக்க மறுக்கும் அச்சு முறைகளுக்கு இங்கே வேலையில்லை. இரும்பு, கண்ணாடி, ரெக்சின், மரம், பிளாஸ்டிக் எதுவானாலும் மசியை மட்டும் மாற்றிக்கொண்டு அடிக்கும் முறை ஸ்கிரீன். ஷிப்ட் முடிந்து வந்து ராத்திரி பத்து மணிவரை வீட்டில் ஸ்டிக்கர் அடித்துச் சம்பளத்துக்கு மேல் நாலு காசு பார்க்க அது தோதாக இருந்தது.

துணியில் நிறமேற்றும் வேலையும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியேற்றி அமைத்த ஊர். கம்பெனியின் ஏற்றுமதித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. அந்த வண்ணாரப்பேட்டையின் எம்.சி. ரோட்டில் இன்று தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே கால் வைக்க இடமிருக்காது. அங்கே தொங்கும் டி-சர்ட்டுகளில் எத்தனை ஸ்கிரீனில் அடித்தவை, எத்தனை மற்ற முறையில் அடித்தவை என்று நெஞ்சுப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அன்றைய வீட்டு அச்சகத்தின் ரகசியம் ஒரு ஆரஞ்சு நிறப் பொடியில் இருந்தது. பைக்ரோமேட் என்பார்கள். பசைபோன்ற கரைசலில் அந்தப் பொடியைக் கரைத்துக் கலந்து, மங்கலான விளக்கில் வலைமேல் ஒரே சீராகத் தடவி, மின்விசிறிக் காற்றில் காயவிடுவார்கள். இனி அது வெளிச்சத்துக்குப் பயப்படும் ஸ்கிரீன். டிரேசிங் தாளில் கறுப்பாக எழுதிய அல்லது அச்சிட்ட மூலப்பிரதியை அதன்மேல் வைத்து, கண்ணாடி ஒன்றைப் போட்டு அழுத்தி, கறுப்புத் துணியால் மூடி, மொட்டை மாடிக்கு எடுத்துப்போவார்கள். துணியை விலக்கியதும் எண்ண ஆரம்பிக்க வேண்டும். சித்திரை உச்சிவெயில் என்றால் எண்ணிக்கை சின்னது, கார்த்திகை மப்பு என்றால் பெரியது. வெளிச்சம் பட்ட இடம் இறுகும், எழுத்தின் கறுப்பு மறைத்த இடம் இறுகாது. தண்ணீரில் காட்டினால் இறுகாத இடம் கரைந்து எழுத்து கண் திறக்கும். இந்தப் பொடி வெளிச்சம் பட்டால் மாறும் என்பதை 1839-இலேயே ஸ்காட்லாந்தின் மங்கோ பான்டன் கண்டு சொன்னார். டிரேசிங் தாள் வாங்கக் காசில்லாதவர்கள் சாதாரணத் தாளில் லேசர் பிரிண்ட் எடுத்து, பின்பக்கம் தேங்காய் எண்ணெய் தடவி ஒளி ஊடுருவ வைத்தார்கள். அதுவும் வேலை செய்தது.

அந்தப் பொடி நல்லதல்ல. அதிலிருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக வகைப்படுத்தப்பட்ட பொருள். அதே குரோமிய உப்புகளைத் தயாரித்த ராணிப்பேட்டை ஆலை ஒன்று தொண்ணூறுகளின் நடுவில் மூடப்பட்டபோது இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் கழிவை வெட்டவெளியில் விட்டுப் போனது. பாலாற்றுப் பக்கத்து நிலத்தடி நீர் மஞ்சளாக வந்த கதையை அறியாதவர் அங்கே இல்லை. வீட்டு அச்சகத்தில் புழங்கியது சில கரண்டிதான். ஆனால் கையுறை கிடையாது, முகமூடி கிடையாது, கழுவிய நீர் நேரே வாசல் சாக்கடைக்குப் போனது. மசியைத் துடைக்க மண்ணெண்ணெயும் தின்னரும். ஜன்னல் ஒன்றே ஒன்று உள்ள அறையில், குழந்தை தூங்கும் தொட்டிலுக்கு அடுத்து. அன்றைய வீட்டுத் தொழிலை நினைத்து உருகுபவர்கள் இந்த வாசனையையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

சரி, எது இந்தத் தொழிலைத் தின்றது?

கம்ப்யூட்டர் என்று சொல்வது எளிது, பாதிதான் உண்மை. தொண்ணூறுகளில் தெருமுனைக்கு ஒரு டி.டி.பி. சென்டர் வந்தபோது ஸ்கிரீன்காரர்களுக்கு அது வரப்பிரசாதம். அதுவரை எழுத்துக்கு ஓவியரையோ கம்பாசிட்டரையோ நம்பி இருந்தவர்கள், பேஜ்மேக்கரில் அடித்து டிரேசிங் தாளில் எடுத்துக்கொண்டு அரைமணியில் வீட்டுக்கு வந்தார்கள். அடி விழுந்தது அதற்குப் பிறகுதான். 2000களின் நடுவில் ஃபிளெக்ஸ் வந்து துணி பேனரை ஒழித்தது. அழைப்பிதழ் கைபேசிக்கு மாறியது. 2020-இல் கொரோனாவில் கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்று ஆன பிறகு ஐந்நூறு பத்திரிகை அடிக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும் தாளில் கொடுத்துவிட்டு மற்றவர்களுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் வழக்கம் அதற்குப் பின்னும் போகவில்லை.

டி-சர்ட்டில் இறங்கியது டி.டி.எஃப். படத்தைப் பிளாஸ்டிக் ஃபிலிமில் அச்சிட்டு, பசைத்தூள் தூவி, உருக்கி, துணிமேல் வைத்துச் சூட்டில் அழுத்துவது. ஒரே ஒரு சட்டைக்கும் அடிக்கலாம். ஏழு நிறம் இருந்தாலும் அதே வேலை, அதே விலை. ஏரியா ஃபுட்பால் டீமுக்கும் பாக்ஸிங் கிளப்புக்கும் முதுகில் பெயரும் எண்ணும் ஆளுக்கு ஒன்றாக மாறும். ஸ்கிரீனில் அது தலைவலி, இதில் ஒன்றுமில்லை. முன்னே சொன்ன விரல் சோதனை இதற்குத்தான். துணியின் இழை கைக்குத் தெரிந்தால் தண்ணீர்க் கலப்பு மசியில் ஸ்கிரீன் அடித்தது. வழவழவென்று ஒரு தோல் மாதிரி தட்டுப்பட்டால் டி.டி.எஃப். ஆக இருக்க வாய்ப்பு அதிகம். நம் ஊர் வேர்வைக்கு நெஞ்சில் அந்தத் தோல் ஒட்டிக்கொள்ளும். இருந்தும் மக்கள் அதைத்தான் கேட்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒற்றைச் சட்டை கேட்டு வந்தவரை ஸ்கிரீன்காரர் எந்நாளும் சிரித்த முகத்தோடு வரவேற்றதில்லை.

கணக்கு இப்படி. ஸ்கிரீன் தயாரிக்க ஐந்நூறு ரூபாய், ஒரு அடிக்கு மூன்று ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பத்துப் பை அடித்தால் ஒன்று 53 ரூபாய். ஐந்நூறு பை அடித்தால் ஒன்று 4 ரூபாய். ஆயிரக்கணக்கில் போனால் பெரிய இயந்திரக்காரர்கள் அதையும் விடக் குறைத்துவிடுவார்கள். ஆக ஸ்கிரீனுக்கு உரிய இடம் ஐம்பதுக்கும் ஓராயிரத்துக்கும் நடுவில். அது ஒரு தெருவின் அளவு, ஒரு சங்கத்தின் அளவு, ஒரு கல்யாணத்தின் அளவு. அன்று தெருவில் அந்த அளவு வேலை நிறைய இருந்தது. வீட்டு அச்சகம் பிழைத்தது கைத்திறனால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. கூப்பிடு தூரத்தில் நடுத்தர அளவு வேலை தொடர்ந்து கிடைத்ததால்தான் பிழைத்தது.

இப்போது கிட்டுக்கு வருவோம். வீட்டு மேசையில் யாரும் ஸ்கிரீன் அடிக்கலாம் என்ற யோசனையை உலகில் மிகப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது ஜப்பான். ரிசோ நிறுவனத்தின் நோபொரு ஹயாமா 1977-இல் கொண்டுவந்த பிரின்ட் கொக்கோ ஒரு பொம்மை போலிருக்கும். தபால் அட்டை அளவு. கரி கலந்த மையில் படம் வரைந்து உள்ளே வைத்து மூடி அழுத்தினால் இரண்டு பல்பு பளீரென எரிந்து தீரும். அந்தச் சூட்டில் கறுப்பு இருந்த இடம் மட்டும் ஸ்கிரீனில் உருகித் துளையாகும். இருட்டறை வேண்டாம், ரசாயனம் வேண்டாம், கழுவவும் வேண்டாம். புத்தாண்டு வாழ்த்து அட்டையைத் தாங்களே அடித்து அனுப்பும் ஜப்பானியக் குடும்பங்கள் ஒரு கோடிக்கு மேல் வாங்கித் தீர்த்தன. பிறகு வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வந்தன. 2008-இல் தயாரிப்பு நின்றது. நம் ஊரில் கைபேசி அழைப்பிதழ் செய்த வேலையை அங்கே பிரிண்டர் செய்தது.

கொக்கோ நம் பக்கம் புழக்கத்துக்கு வரவில்லை. வந்திருந்தாலும் ஒருமுறை எரிந்தால் தீர்ந்துபோகும் பல்பை வாங்கிக் கட்டுப்படியாகியிருக்காது. இன்று ஆன்லைனில் வரும் கிட்டுகள் பழைய முறையின் குட்டி வடிவம்தான். ஏ4 அளவில் ஒன்றிரண்டு சட்டம், ஸ்குவீஜி, கீல், சின்ன டப்பாக்களில் மசி, பைக்ரோமேட் இல்லாத புதிய எமல்ஷன், சிலவற்றில் ஒரு எல்.ஈ.டி. விளக்கு. அந்தப் பொடி போனது பெரிய நன்மை, அதற்காகவே இந்தப் பெட்டிகளை வரவேற்கலாம். வாங்குபவர்கள் கல்லூரிப் பிள்ளைகள், வீட்டிலிருந்து ஏதாவது செய்ய நினைக்கும் பெண்கள், வேலை முடிந்து வந்து கையை அழுக்காக்கிக்கொள்ள ஆசைப்படும் ஐ.டி.காரர்கள். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, தெற்கே வேலை பார்த்துக்கொண்டு திருவொற்றியூரில் குடியிருப்பவர்களுக்கு மாலையில் கொஞ்சம் நேரம் மிஞ்சுகிறது.

ஆனால் எனக்கு இந்தப் பெட்டிகள்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. ‘மூன்றே படிகளில்’ என்று மேலே அச்சடித்திருக்கிறார்கள். உள்ளே வருகிற துண்டுக் காகிதம் எந்த ஊர் வெயிலுக்கு எழுதியதோ தெரியாது. விளக்கின் கீழே இத்தனை நிமிடம் வை என்கிறது. தலைக்கு மேலே காசில்லாத வெளிச்சம் கொட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சித்திரை வைகாசியில் தண்ணீர்க் கலப்பு மசி வலைக்குள்ளேயே காய்ந்துவிடும், போன் வந்தால்கூட எடுக்கக் கூடாது, காலை ஏழு மணிக்கு முன் அடித்து முடி, பக்கத்தில் தண்ணீர் பீய்ச்சி வைத்துக்கொள் என்று சொல்ல ஆளில்லை. ஐப்பசி கார்த்திகையில் கடல் ஈரத்துக்கு எமல்ஷன் இரண்டு நாளானாலும் பிசுபிசுக்கும், அலமாரிக்குள் ஒரு பல்பைப் போட்டு அதற்குள் காயவை என்றும் சொல்வதில்லை. வலையில் எண் உண்டு. துணிக்கு சென்டிமீட்டருக்கு 43 இழை, கார்டுக்கு 120 இழை. ஒரே வலையைப் போட்டு இரண்டுக்கும் ஆகும் என்று விற்கிறார்கள். துணியில் மசி கம்மியாகும், கார்டில் எழுத்து அப்பும். மசி கூழ்ப்பதத்தில் இருக்க வேண்டும் என்பதும், துணியில் அடித்ததை இஸ்திரிப் பெட்டியால் சில நிமிடமாவது நன்றாகச் சூடுகாட்டினால்தான் துவைக்கும்போது நிற்கும் என்பதும் முதல் துவையலில் சாயம் போன பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. பெட்டி பரணுக்குப் போவது அந்த வாரத்தில்.

இதையெல்லாம் ஒரு காலத்தில் எதிரே நின்று கார்டு எடுத்துக் கொடுத்தே கற்றுக்கொண்டார்கள். தொழில் தெரிந்தவர்கள் இன்னமும் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் இருக்கிறார்கள். கட்டிலுக்கடியில் சட்டமும் இருக்கிறது. கிட் வாங்கும் பிள்ளைக்கும் இவர்களுக்கும் நடுவே இரண்டு தெருதான் தூரம், ஆனால் ஒருவருக்கு ஒருவர் இருப்பது தெரியாது. பிள்ளை வெளிநாட்டு வீடியோவைப் பார்க்கிறான். பெரியவர் ஆட்டோ ஸ்டாண்டில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

நம்பிக்கைக்கு இடமிருப்பது பையில். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை. பிளாஸ்டிக் கைப்பை மட்டுமல்ல, துணி மாதிரி இருந்து ஏமாற்றும் நெய்யாத பையும் அந்தப் பட்டியலில் உண்டு. 2021 டிசம்பர் 23-இல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை முதல்வர் தொடங்கிவைத்தார். பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரங்கள் சந்தைகளில் வந்தன. தடை எந்த அளவு நடைமுறையில் இருக்கிறது என்பதை மீன் வாங்கப் போகும் எவரும் காசிமேட்டில் பார்த்துக்கொள்ளலாம், அது வேறு கதை. ஆனால் மஞ்சள் துணியில் ஒரு நிறத்தில் பெயர் அடிப்பது என்பது ஸ்கிரீனுக்கென்றே அளந்து தைத்த வேலை. கல்யாணத் தாம்பூலப் பை ஐந்நூறு, ஜவுளிக்கடைப் பை முந்நூறு, கோயில் திருவிழாவுக்கு இருநூறு. முரட்டுத் துணியில் டி.டி.எஃப். தோலை ஒட்டி அதில் தேங்காயையும் வாழைப்பழத்தையும் போட்டு வருஷக்கணக்கில் மடித்து மடித்து வைத்தால் அது விரிசல் விடும். இழைக்குள் இறங்கிய மசி வெளுக்கும், உரியாது. முன்பு சொன்ன ஐம்பதுக்கும் ஆயிரத்துக்கும் நடுவிலுள்ள இடத்தை இந்தப் பை ஓரளவு திருப்பிக் கொடுத்திருக்கிறது.

கிட்டில் பழகியவர்கள் சம்பாதிக்க நினைத்தால் போக வேண்டிய திசையும் அதுவே. ஏழு நிறத்தில் டி-சர்ட் அடித்து டி.டி.எஃப்.பை ஜெயிக்க முடியாது, வீண் முயற்சி. ஏ4 சட்டத்தை வைத்துவிட்டுப் பை அளவுக்குச் சட்டம் கட்டக் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்கிரீனைத் தயாராக வாங்காமல் நீங்களே வெயிலில் காட்டுங்கள். மிச்ச மசியைச் சாக்கடையில் கழுவாமல் முதலில் பழைய தாளில் வழித்து எடுத்துக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். இங்கே வாசல் சாக்கடைக்கும் கடலுக்கும் அதிக தூரமில்லை. எண்ணூர்க் கரை 2017-லும் 2023-லும் பார்த்த எண்ணெய்க் கசிவே போதும்.

அடிக்கக் கொடுப்பவர்களுக்கும் ஒன்று. அடுத்த விசேஷத்துக்குத் தாம்பூலப் பை கொடுப்பதாக இருந்தால் ஆன்லைனில் தேடுவதற்கு முன் உங்கள் பகுதியில் ஸ்கிரீன் அடிப்பவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். கையில் பத்து நாள் வைத்துக்கொண்டு போங்கள், காய நேரம் வேண்டும். ஒரே நிறம் கேளுங்கள். புள்ளியெல்லாம் சரியாக விழுந்திருக்கிறதா என்று முதல் பையைப் பார்த்துவிட்டு மற்றதை அடிக்கச் சொல்லுங்கள்.